அண்டர்கிரவுண்ட் டிரில்லிங் தூசிக்கு எந்த மாஸ்க் வாங்கணும்?

தம்பி அண்டர்கிரவுண்ட் மெட்டல் சுரங்கத்துல டிரில்லிங் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம் ஆகுது, ஷிப்ட் முடிஞ்சு வரும்போது புருவம், மூக்கு எல்லாம் வெள்ளையா இருக்கு, காலைல எழுந்ததும் இருமுறான், அங்க குடுக்குறது ஒரு துணி மாஸ்க் மட்டும்தான், நல்ல மாஸ்க் எதுன்னு சொன்னா நானே வாங்கி அனுப்பிடுவேன்னு எழுதியிருக்கீங்க. மாஸ்க் பத்தி கண்டிப்பா சொல்றேன், பாதியில விட்டுட மாட்டேன். ஆனா உங்க கேள்வியை ரெண்டு மூணு தடவை படிச்சதுல எனக்குப் பட்டது என்னன்னா, அவன் நுரையீரல் கெட்டுப் போகாம இருக்க என்ன வழின்னுதான் நீங்க கேக்குறீங்க. அதுக்கு பதில் மாஸ்க்ல ஆரம்பிக்காது, டிரில் பிட்டு, அதாவது துளை போடுற முனை, கல்லுல படுற இடத்துல ஆரம்பிக்குது. அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க, முடிஞ்சா தம்பிக்கும் அப்படியே அனுப்பி வைங்க. நான் மைனிங் படிச்சுட்டு 19 வருஷமா சுரங்கத்துல காத்தோட்டம் பார்க்குறது, தூசி அளக்குறதுன்னு இதே வேலைலதான் இருக்கேன். டாக்டர் இல்ல, அதனால நோய் பத்தி சொல்றதெல்லாம் நாங்க பயிற்சில படிச்சது, கூட வேலை பார்த்தவங்களுக்கு நடந்ததைக் கண்ணால பார்த்தது, அவ்வளவுதான்.

முதல்ல ஒரு விஷயம். புருவத்துல ஒட்டியிருக்குற அந்த வெள்ளைத் தூசி அவனுக்குப் பெரிய ஆபத்து இல்ல. கண்ணுக்குத் தெரியுற தூசி பெருசு, மூக்குலயும் தொண்டையிலயும் சிக்கி சளியோட வெளிய வந்துடும். ஆபத்து கண்ணுக்குத் தெரியாத தூசி. நம்ம தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன்னு வச்சுக்கிட்டா, நுரையீரலோட கடைசிக் காத்துப் பை வரைக்கும் போய் உக்காருற தூசி பெரும்பாலும் 4, 5 மைக்ரானுக்கும் கீழ. அது சீக்கிரம் தரையில படியவும் படியாது. 1 மைக்ரான் கல்லுத் துகள் அசையாத காத்துல மூக்கு உயரத்துலேருந்து தரைக்கு வர்றதுக்கே கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் ஆகும், சுரங்கத்துக்குள்ள காத்து ஓடிக்கிட்டே இருக்குறதால அது இறங்கவே இறங்காதுன்னு வச்சுக்கலாம். புதுசா வர்ற பசங்களுக்கு நான் ஒரே ஒரு விஷயம் காட்டுவேன். டிரில் நின்னு பத்து நிமிஷம் கழிச்சு எல்லாரும் "தூசி அடங்கிடுச்சு சார்"னு மாஸ்க்கைக் கழட்டும்போது, எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லிட்டு ஹெல்மெட்ல மாட்டுற ஒரே ஒரு கேப் லேம்ப்பை மட்டும் பக்கவாட்டுல அடிக்கச் சொல்வேன். அந்த வெளிச்சக் கோட்டுக்குள்ள புகை மாதிரி மெதுவா சுருண்டுக்கிட்டே இருக்கும். யாரும் பேச மாட்டாங்க. நேரா பார்த்தா தெரியாததை பக்கவாட்டு வெளிச்சம் காட்டிடும், தம்பியையும் இதை ஒரு தடவை செஞ்சு பார்க்கச் சொல்லுங்க.

அளவு எவ்வளவுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. சிலிக்காவுக்கு, அதாவது குவார்ட்ஸ் கல்லோட பொடிக்கு, பல நாட்டுல இருக்குற வரம்பு ஒரு கன மீட்டர் காத்துல 0.05 மில்லிகிராம், சில இடத்துல 0.1. எட்டு மணி நேர ஷிப்ட்ல உழைக்கிற ஆள் சுமாரா 10 கன மீட்டர் காத்தை இழுக்குறான். அப்ப 0.05 வரம்புல ஒரு நாளைக்கு உள்ள இழுக்குற மொத்த சிலிக்கா அரை மில்லிகிராம், நாம சாப்பாட்டுல போடுற தூள் உப்புல எட்டு பத்து பரல் எடை. அவ்வளவுதான் ஒரு நாள் கோட்டா. தண்ணி இல்லாம டிரில் போட்டா இதைப் போல பல மடங்கு சில நிமிஷத்துலயே முடிஞ்சுடும். அதுலயும் அப்பத்தான் உடைஞ்ச கல்லோட தூசி பழைய தூசியை விட மோசம், உடைஞ்ச முகம் புதுசா இருக்கும்போது அது உடம்புல அதிகமா வினை புரியும். டிரில்லர் சுவாசிக்கிறது எப்பவுமே இந்தப் புதுத் தூசியைத்தான்.

உள்ள போனா என்ன ஆகும்னா, நுரையீரல்ல துப்புரவு வேலை பார்க்குற செல்லுங்க அந்தத் துகளை விழுங்கும், ஆனா சிலிக்காவைச் செரிக்க முடியாம அந்த செல்லே செத்துடும், துகள் மறுபடி வெளிய வரும், அடுத்த செல் வந்து விழுங்கும், இப்படியே போய் அந்த இடம் தழும்பு கட்டிடும். தோல்ல காயம் ஆறி தடிச்சுப் போற மாதிரி நுரையீரல் உள்ள தடிச்சுப் போகுது, அங்க காத்து நுழையாது. இதுதான் சிலிக்கோசிஸ். சாதாரணமா 10 வருஷத்துக்கு மேல தூசியில இருந்தவங்களுக்கு வரும், தூசி ரொம்ப அதிகமா இருந்தா 5லேருந்து 10 வருஷத்துக்குள்ள, மிக மோசமான இடத்துல சில மாசத்துலயே கூட வந்திருக்கு. சிலிக்கோசிஸ் இருந்தா டிபி வர்ற வாய்ப்பு பல மடங்கு கூடும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் 1997லயே சிலிக்காத் தூசியை மனுஷனுக்கு நிச்சயமா புற்றுநோய் உண்டாக்குற பொருள் பட்டியல்ல சேர்த்துடுச்சு. தழும்பை எடுக்குற மருந்து எதுவும் இல்ல. வேலையை விட்ட பிறகும் பல பேருக்கு அது வளர்ந்துக்கிட்டே போகும், இதுதான் எனக்கு இந்த நோய்ல தாங்க முடியாத விஷயம். தம்பியோட காலை இருமலைப் பொறுத்தவரைக்கும், எட்டு மாசத்துல வர்ற இருமல் பெரும்பாலும் மூச்சுக்குழாய் எரிச்சலாத்தான் இருக்கும், பயந்துட வேண்டாம். ஆனா இதை டெஸ்ட் பண்ணித்தான் உறுதிப்படுத்தணும், அதுக்கு கீழ வர்றேன். இருமலை வச்சு சொல்ல முடிஞ்சது ஒண்ணுதான், அங்க தூசி கட்டுப்பாட்டுல இல்ல.

இது புதுசா கண்டுபிடிச்ச பிரச்சனை கிடையாது, தீர்வும் புதுசு கிடையாது. 1890கள்ல அழுத்தக் காத்துல ஓடுற புது டிரில் மெஷின் சுரங்கத்துக்குள்ள பரவினப்ப தூசி அவ்வளவு கிளம்புச்சு, அந்த மெஷினுக்கு தொழிலாளிங்க வச்ச பேரே 'விதவையாக்கி'ன்னு. கொலராடோவுல ஜார்ஜ் லெய்னர்னு ஒருத்தர் நடுவுல ஓட்டை உள்ள டிரில் ராடு கொண்டு வந்தார், முதல்ல அந்த ஓட்டை வழியா காத்தை விட்டுத் துளையில இருக்குற பொடியை வெளிய தள்ளப் பார்த்தார், அந்தப் பொடி மொத்தமும் ஆள் மூஞ்சிக்கு வந்ததும் தொழிலாளிங்க அதைத் தொட மாட்டோம்னுட்டாங்க. அப்புறம்தான் அதே ஓட்டை வழியா தண்ணி விட்டார். இன்னைக்கு தம்பி கையில இருக்குற மெஷினும் அடிப்படையில அதேதான், ராடு நடுவுல தண்ணி போகும், பிட்டு கல்லைப் பொடிக்கிற அதே இடத்துல தண்ணி பட்டு, பொடி காத்துல பறக்குறதுக்கு முன்னாடியே சேறா வெளிய வழியும். வழி தெரிஞ்சிருந்தும் செய்யாம விட்டதுக்கு உதாரணம் வேணும்னா அமெரிக்காவுல மேற்கு வர்ஜீனியாவுல 1930, 31ல வெட்டின ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதை. தண்ணிக்காகப் போட்ட பாதைதான் அது, தாது எடுக்க இல்ல, ஆனா கல்லு கிட்டத்தட்ட சுத்தமான சிலிக்கா. வேகமா முடிக்கணும்னு தண்ணி இல்லாம டிரில் போட்டாங்க, உள்ள வேலை பார்த்தவங்கள்ல நூத்துக்கணக்கான பேர் செத்தாங்க, பல பேர் ஒண்ணு ரெண்டு வருஷத்துக்குள்ள. அதுல பெரும்பாலானவங்க வேலை தேடி வெளியூர்லேருந்து வந்த கறுப்பினத் தொழிலாளிங்க.

அதனால தம்பிகிட்ட முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, "டிரில்ல தண்ணி ஓடுதா?" "ஓடுது"ன்னு சொல்லுவான், அதோட விட்டுடாதீங்க. துளை ஆரம்பிக்கிற முதல் பத்து இருபது செகண்டு ஓடுதான்னு கேளுங்க. பிட்டு வழுக்காம இருக்கணும், தண்ணி மூஞ்சில தெறிக்கக் கூடாதுன்னு நிறைய பேர் துளையை உலர்வா ஆரம்பிச்சு, பிட்டு கொஞ்சம் உள்ள போனதும்தான் தண்ணி வால்வைத் திறப்பாங்க. ஒரு ஃபேஸ்ல, அதாவது டிரில் போடுற கல்லுச் சுவர்ல, நாப்பது அம்பது துளை போட்டா அந்த இருபது இருபது செகண்டு கூட்டிப் பாருங்க, கால் மணி நேரம் உலர் டிரில்லிங்! நான் வேலை பார்த்த ஒரு சுரங்கத்துல ஒரு டிரில்லர் சுவாசிக்கிற காத்துல எடுத்த தூசி சாம்பிள் மட்டும் வரம்பைத் தாண்டியே வந்துக்கிட்டு இருந்துச்சு, பக்கத்து ஃபேஸ் ஆளுக்கு அதே மெஷின், அதே கல்லு, ஆனா பாதி கூட இல்ல. மூணு தடவை சாம்பிளைக் குறை சொல்லிட்டு நாலாவது தடவை நானே கூடப் போய் ஷிப்ட் முழுக்க நின்னேன். அவர் ரொம்ப நேர்த்தியான ஆள், துளை ஒரு இஞ்ச் கூட விலகக் கூடாதுன்னு ஒவ்வொரு துளையையும் தண்ணி இல்லாம ஆரம்பிச்சார், நெருங்கிக் குனிஞ்சு பார்த்துக்கிட்டு. அவரோட நேர்த்திதான் அவருக்கு எமனா நின்னுது. தண்ணியைத் திறந்துட்டு மெதுவான வேகத்துல ஆரம்பிக்கப் பழகினார், ரெண்டு வாரத்துல சாம்பிள் இறங்கிடுச்சு. மாஸ்க் மாத்தல, மெஷின் மாத்தல.

தண்ணில இன்னும் ரெண்டு கோளாறு சகஜம். ஒண்ணு, பிரஷர் குறைஞ்சு தண்ணி சொட்டு சொட்டா வர்றது, பிட்டு ஓட்டை பாதி அடைச்சுக்கிறது. துளையிலேருந்து வர்றது ஓடுற சேறா இருக்கணும், கெட்டிக் களியாவோ நனைஞ்ச பொடியாவோ வந்தா தண்ணி பத்தல. இன்னொண்ணு, வெளியிலேருந்து ஹோஸ்ல பீச்சி அடிச்சா போதும்னு நினைக்கிறது. பறந்துட்ட நுண்தூசியைத் தண்ணியால திரும்பப் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம், பெரிய துளி வந்தா அந்தச் சின்னத் துகள் காத்தோட சேர்ந்து துளியைச் சுத்தி ஒதுங்கிப் போயிடும், பிரஷர் அதிகமா வச்சு அடிச்சா ஸ்பிரேயே காத்தைத் தள்ளி தூசியை ஆள் பக்கம் திருப்பி விடும். வெடிச்ச கல்லுக் குவியலை நனைக்கிறதுக்கு ஹோஸ் நல்லது, கல்லை அள்ளுற லோடர் வண்டி வர்றதுக்கு முன்னாடியும் அள்ளும்போது நடு நடுவுலயும் நனைக்கணும், மேல மட்டும் நனைச்சா முதல் ரெண்டு பக்கெட்டுக்கு அப்புறம் உள்ள இருக்குற உலர்ந்த கல்லு கிளம்பும். ஒரு டன் கல்லுக்கு 10 லிட்டர்னா எடையில ஒரு சதவீதம்தான், அந்த அளவு ஈரமே பெரிய வித்தியாசம் காட்டும்.

அடுத்தது காத்து. தண்ணி பிடிக்காம விட்டதை காத்து எடுத்துட்டுப் போகணும். ஃபேன் ஓடுற சத்தம் கேக்குறதால காத்து வருதுன்னு அர்த்தம் இல்ல, காத்து கொண்டு வர்ற குழாய், அதாவது டக்ட், கிழிஞ்சு பாதி வழியிலயே கொட்டியிருக்கும், இல்லன்னா வெடி வச்சப்ப முனையைப் பின்னாடி இழுத்துக் கட்டினவங்க திரும்ப முன்னாடி கொண்டு போயிருக்க மாட்டாங்க. ஃபேஸ்ல நின்னு கையை நீட்டினா முகத்துல காத்து தெரியணும், தெரியலன்னா அந்த மூலையில தூசி வட்டமடிச்சுக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். தம்பியால தினமும் செய்ய முடிஞ்சது ஒண்ணு இருக்கு, காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பார்த்து அந்தப் பக்கம் நிக்கிறது. ஹெல்ப்பருங்க பெரும்பாலும் டிரில்லுக்குப் பின்னாடி, தூசி திரும்பி வர்ற வழியிலயே நிப்பாங்க, டிரில்லரை விட ஹெல்ப்பர் சாம்பிள் மோசமா வந்த இடங்களைப் பார்த்திருக்கேன். சாப்பாட்டு இடைவேளைக்கும் அதே கணக்குதான், திரும்பிப் போற காத்து வர்ற பாதையில உக்காந்து சாப்பிட்டா ஓய்வு நேரமும் தூசி நேரமாயிடும். வெடி வைக்கிறதை ஷிப்ட் கடைசில வச்சு, எல்லாரும் மேல வந்தப்புறம் வெடிச்சு, காத்து முழுசா மாறின பிறகு அடுத்த ஷிப்ட் இறங்குறதுதான் முறை, அவசரத்துல புகை ஓரளவு போனதும் உள்ள நுழையுறது தூசிக்கு மட்டுமில்ல, வெடி வாயுவுக்கும் ஆபத்து. கேபின் உள்ள பெரிய டிரில் வண்டியோ லோடரோ ஓட்டுறவங்களுக்கு கதவைச் சாத்தி ஃபில்டர் வழியா காத்து உள்ள தள்ளுற கேபின் மாதிரி பாதுகாப்பு வேற இல்ல, ஆனா ஏசி ரிப்பேர்னு ஜன்னலைத் திறந்துட்டா அது வெறும் தகரப் பெட்டி. ரப்பர் சீல் பிஞ்சிருக்கான்னும், பூட்ஸ்ல வந்து காஞ்ச சேறு கேபின் தரையில கிடக்கான்னும் பார்க்கச் சொல்லுங்க.

உடை. இதை நீங்க வீட்டுலேருந்தே மாத்த முடியும். ஷிப்ட் முடிஞ்சதும் கம்ப்ரஸர் ஹோஸை எடுத்து சட்டையில அடிச்சு தூசியைத் தட்டிவிடுற பழக்கம் எல்லா சுரங்கத்துலயும் இருக்கு, சுத்தமாயிட்ட மாதிரி இருக்கும், ஆனா அந்த அரை நிமிஷத்துல மூக்குக்குப் பக்கத்துல கிளம்புறது சில நேரம் ஒரு மணி நேர வேலைக்குச் சமம். தோல்ல காத்து புகுந்துடுற ஆபத்து வேற. வேக்குவம் வச்சு எடுக்கலாம், இல்லன்னா ஈரத் துணியில துடைக்கலாம். வேலை உடையை அங்கயே மாத்தி, குளிச்சுட்டு, பையில கட்டி எடுத்துட்டு வரணும், வீட்டுல உதறாம நேரா தண்ணில போடணும், மத்தவங்க துணியோட சேர்க்கக் கூடாது.

இப்ப இதெல்லாம் சரியா நடக்குதான்னு எப்படித் தெரியும்? அளக்காம தெரியாது, என் அனுபவத்துல கண்ணு தப்பாத்தான் சொல்லும். அளக்குற முறை எளிமைதான், இடுப்புல ஒரு சின்ன பம்ப், காலர்ல மூக்குலேருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள சைக்ளோன்னு ஒரு சின்னக் கருவி. அது பெரிய தூசியைச் சுழட்டி கீழ தள்ளிட்டு நுண்தூசியை மட்டும் ஃபில்டர்ல விடும். ஷிப்ட் முழுக்க மாட்டி, ஃபில்டரை எடை போட்டு, லேப்ல அதுல எவ்வளவு குவார்ட்ஸ்னு பார்ப்பாங்க. முக்கியமா ஷிப்ட் முழுக்க, அந்த ஆள் எப்பவும் செய்யுற வேலையைச் செஞ்சுக்கிட்டே மாட்டணும். அளக்குற அன்னைக்கு மட்டும் தண்ணி பீச்சி அடிச்சு, உற்பத்தியைக் குறைச்சு எடுக்குற சாம்பிளுக்கு மதிப்பே கிடையாது. அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்கள்ல 2016 பிப்ரவரிலேருந்து தொழிலாளி போட்டுக்கிற மீட்டர் ஒண்ணைக் கட்டாயமாக்கினாங்க, ஷிப்ட் நடக்கும்போதே இதுவரைக்கும் எவ்வளவு தூசின்னு அதுல நம்பர் தெரியும், ஆனா அது நுண்தூசியை மொத்தமாத்தான் காட்டும், சிலிக்கா எவ்வளவுன்னு பிரிச்சுக் காட்டாது. அந்த வித்தியாசம் ஏன் முக்கியம்னா, அதே நாட்டுல வர்ஜீனியாவுல மூணே கிளினிக்ல 2013லேருந்து 2017க்குள்ள 416 பேருக்கு நிலக்கரித் தூசி நோயோட முத்தின வடிவம் இருந்ததா 2018ல அறிக்கை வந்துச்சு. சட்டம், சாம்பிள் எல்லாம் இருந்தும். நிலக்கரி அடுக்கு மெலிஞ்சு போய், அதோட சேர்த்து மேலயும் கீழயும் இருக்குற கல்லையும் வெட்டுறதால சிலிக்கா கூடினது முக்கியக் காரணம்னு பெரும்பாலான ஆராய்ச்சியாளருங்க சொல்றாங்க. சிலிக்காவுக்கு 0.05 போதும்னு அமெரிக்க அரசோட தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமே 1974ல பரிந்துரை பண்ணினது, சுரங்கத்துக்கு விதியா வெளியானது 2024 ஏப்ரல்ல, அதுக்கப்புறமும் வழக்குல அமலாக்கம் தள்ளிப் போச்சு. அதனால 'வரம்புக்குள்ளதான் இருக்கு'ன்னு சொன்னா எந்த வரம்புன்னு கேளுங்க. அந்த வரம்புக்குள்ள இருந்தாலும் ஆபத்து பூஜ்யம் ஆகாது, குறையும்.

சரி, மாஸ்க். துணி மாஸ்க், துண்டு, ஆஸ்பத்திரி மாஸ்க் மூணுமே நுண்தூசிக்குப் பிரயோஜனம் இல்ல, ஓரத்துல இருக்குற இடைவெளி வழியாவே எல்லாம் போயிடும். என்-95 னா நுழையுறதுக்கு ரொம்ப வசதியான 0.3 மைக்ரான் அளவுத் துகள்லயே 95 சதவீதத்தைத் தடுக்கும், ஃபில்டர் விஷயத்துல அது நல்லது. ஆனா கணக்கு ஃபில்டர்ல முடியாது, முகத்துல ஒட்டுறதுலதான் இருக்கு, அதனாலதான் சரியா பொருந்தின அரை முக மாஸ்க் உள்ள வர்ற தூசியைப் பத்துல ஒரு பங்காக்கும்னு மட்டும்தான் கணக்குல எடுக்கணும். வெளிய ஒரு கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராம் சிலிக்கா இருந்தா உள்ள 0.05, சரியா வரம்பு. உலர் டிரில்லிங்ல வெளிய 2, 3 இருந்தா அந்த மாஸ்க்கைப் போட்டும் நாலு, ஆறு மடங்கு அதிகமா இழுப்பான். மாஸ்க் மட்டும் வாங்கிக் குடுத்து நிம்மதியா இருக்க முடியாதுன்னு நான் மேல இவ்வளவு எழுதினதுக்கு இந்தக் கணக்குதான் காரணம்.

உங்க தம்பிக்கு என் சிபாரிசு, ரப்பர் இல்லன்னா சிலிகான்ல வர்ற அரை முக மாஸ்க், ரெண்டு பக்கமும் மாத்துற மாதிரி பி-100 ஃபில்டர். என்-95 ஐ விட்டுட்டு ஏன் பி-100 னா, அழுத்தக் காத்துல ஓடுற டிரில்லுக்கு எண்ணெய் கலந்த காத்துதான் போகும், எக்ஸாஸ்ட்ல எண்ணெய்ப் புகையா வெளிய வரும். என் வகை ஃபில்டர் எண்ணெய்க்குத் தாங்காது, பிடிக்கிற திறன் இறங்கிடும், பி வகை தாங்கும். இதை டிரில்லிங் ஆளுங்ககிட்ட யாரும் சொல்றதே இல்ல. சைஸ் மூணு வரும், முகத்துக்குப் பார்த்து எடுக்கணும், முடிஞ்சா மாஸ்க் முகத்துல சரியா பொருந்துதான்னு பார்க்குற ஃபிட் டெஸ்ட் பண்ற இடத்துல. தாடி இருந்தா எடுக்கணும், ரெண்டு நாள் தாடியே ஓரத்துல வழி விட்டுடும், இதை அவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க, நாங்க சொன்னா கேக்க மாட்டாங்க. தினமும் போட்டதும் ஃபில்டரைக் கையால மூடி மூச்சை இழுத்தா மாஸ்க் முகத்தோட ஒட்டி நிக்கணும், காத்து உள்ள வந்தா திரும்பக் கட்டணும். மூச்சு இழுக்கக் கஷ்டமாகும்போது ஃபில்டரை மாத்தணும், தட்டியோ காத்தடிச்சோ சுத்தம் பண்ணக் கூடாது. ராத்திரி சுத்தம் பண்ணி மூடின டப்பாவுல வைக்கணும், டிரில் மேல தொங்க விட்டா உள்பக்கமே தூசி படிஞ்சிருக்கும், காலைல நேரா அதைத்தான் இழுப்பான். வெடிப் புகையையோ கார்பன் மோனாக்சைடையோ இது தடுக்காது, அந்த தைரியத்துல உள்ள போயிடக் கூடாது. சூட்டுல, குனிஞ்சு எடை தூக்குற வேலைல எட்டு மணி நேரம் யாராலும் அதை முழுசா போட முடியாதுங்கிறதும் உண்மை, கழட்டினான்னு திட்டாதீங்க. பேட்டரில காத்து ஊதுற ஹெல்மெட் மாஸ்க் சுவாசிக்க எளிது, சாதாரணமா 25 மடங்கு பாதுகாப்புன்னு எடுத்துக்கலாம், தாடிக்கும் ஒத்துவரும், ஆனா விலை கூட, அதை நிறுவனம்தான் வாங்கித் தரணும்.

இது சாப்பிட்டா நுரையீரல் கழுவிடும், அது குடிச்சா தூசி இறங்கிடும்னு யாராவது கண்டிப்பா சொல்லுவாங்க. வயித்துக்குப் போற பாதையும் நுரையீரலுக்குப் போற பாதையும் வேற, தழும்பு எதுலயும் கரையாது. படிச்சவங்களே இதுல ஏமாந்திருக்காங்க. கனடாவுல ஒன்டாரியோ தங்கச் சுரங்கங்கள்ல 1943லேருந்து 1979 வரைக்கும் ஷிப்டுக்கு முன்னாடி உடை மாத்துற அறையில நுண்ணிய அலுமினியப் பொடியைக் காத்துல ஊதி தொழிலாளிங்களை சுவாசிக்க வச்சாங்க, சிலிக்கோசிஸைத் தடுக்கும்னு. மெக்கின்டயர் பவுடர்னு பேரு. தடுக்கல, பின்னாடி செஞ்ச ஆய்வுல அந்தப் பொடியை இழுத்தவங்களுக்கு பார்கின்சன் நோய் அதிகமா வந்தது தெரிஞ்சுச்சு.

டெஸ்ட் விஷயம். மார்பு எக்ஸ்ரே, ஊதிப் பார்க்குற ஸ்பைரோமெட்ரி ரெண்டும் இப்பவே எடுத்துடுங்க, வேலைக்குச் சேர்ந்தப்ப எடுத்தது இருந்தா அதோட நகலும் வாங்கி வைங்க. இப்ப நார்மலா இருக்குறதுதான் பின்னாடி ஒப்பிட்டுப் பார்க்க அடிப்படை. டாக்டர்கிட்ட "இருமல்"னு மட்டும் சொல்லாம, "பாறை டிரில்லிங் வேலை, சிலிக்காத் தூசி"ன்னு சொல்லணும், ஏன்னா சிலிக்கோசிஸ் படம் டிபி மாதிரியே தெரிஞ்சு தப்பா மருந்து குடுத்த கதை நிறைய, ரெண்டும் சேர்ந்தே இருக்கவும் செய்யும், அதனால சளி டெஸ்டும் கேளுங்க. மூச்சு வாங்க ஆரம்பிச்சா பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க, மூச்சு வாங்கும்போது நுரையீரல்ல நிறைய போயிருக்கும். புகை பிடிக்கிறான்னா நிறுத்தணும். எந்த வருஷம் எந்த இடத்துல என்ன வேலை, எவ்வளவு நாள், என்ன மெஷின்னு ஒரு நோட்டுல எழுதி வைக்கச் சொல்லுங்க, சம்பளச் சீட்டோட. பதினஞ்சு வருஷம் கழிச்சு நஷ்ட ஈடு கேக்குற நிலைமை வந்தவங்ககிட்ட நான் பார்த்த பெரிய குறை, அங்க வேலை பார்த்ததுக்கே கையில காகிதம் இல்லாதது.

நிறுவனத்துகிட்ட எப்படிக் கேக்குறதுன்னு யோசிப்பான், புது ஆள், வேலை போயிடுமோன்னு பயம் இருக்கும், அந்தப் பயம் நியாயமானது. தனியா போய் 'தூசியா இருக்கு'ன்னு சொன்னா பதில் வராது. நாலஞ்சு பேரா சேர்ந்து, எழுத்துல, குறிப்பா கேக்கணும், இந்த ஃபேஸ்ல தண்ணி பிரஷர் இல்ல, டக்ட் முனை இவ்வளவு தூரம் பின்னாடி நிக்குது, போன தடவை எங்க காலர்ல எடுத்த சாம்பிளோட ரிசல்ட் குடுங்க, இப்படி. பாதுகாப்புக் கமிட்டியில தொழிலாளி பிரதிநிதி இருந்தா அவர் மூலமா போகலாம். குறிப்பா கேட்ட கேள்வியைத் தட்டிக் கழிக்கிறது மேனேஜருக்குக் கஷ்டம், அந்தப் பக்கம் உக்காந்திருந்தவன்ங்கிறதால சொல்றேன். எதுவுமே நடக்கலன்னா சுரங்கப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டருக்குப் பேர் போடாம எழுதலாம், தேதி, ஷிப்ட், ஃபேஸ் நம்பர் இருந்தா அவங்களுக்கும் வந்து பார்க்க வசதி. தண்ணியே கிடையாது, உலர்வாத்தான் டிரில் போடணும்னு சொல்ற இடமா இருந்தா, மாஸ்க் அனுப்புறதை விட அவனை அங்கேருந்து வெளிய கொண்டு வர்றதுதான் என் அபிப்பிராயம், தயங்காம சொல்றேன்.

தம்பி பிடிக்கிறது கைமெஷினா, வண்டி டிரில்லா, துளை ஆரம்பிக்கும்போது தண்ணி திறக்குறாங்களா, டக்ட் முனை ஃபேஸ்லேருந்து எத்தனை அடி தள்ளி இருக்கு, இந்த மூணையும் அவன்கிட்ட கேட்டு இங்கயே கீழ எழுதுங்க. எக்ஸ்ரே ரிப்போர்ட்டைப் பொதுவுல போட வேண்டாம், அதை டாக்டர்கிட்டயே காட்டுங்க. மாஸ்க் சைஸுக்கு அவன் மூக்கு மேல்பகுதியிலேருந்து தாடை நுனி வரைக்கும் ஒரு டேப்ல அளந்து சொன்னா, எந்த சைஸை முதல்ல போட்டுப் பார்க்கலாம்னு சொல்றேன்.